இரண்டாகிப்போன சபைக்கு மூன்று நாள் கூட்டம் பேசப் போகும் ஊழியருக்கு

கேள்வி இதுதான். ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்யும் ஒரு தம்பியைத் தண்டையார்பேட்டைப் பக்கத்துச் சபை ஒன்று மூன்று நாள் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறது. சுமார் 80 குடும்பங்கள் உள்ள சபை. பாஸ்டருக்குப் பிறகு அவர் மகனா, வேறொருவரா என்று ஆரம்பித்த பேச்சு கணக்கு, சொத்து என்று வளர்ந்து, இப்போது ஒரே கட்டடத்தில் இரண்டு கூட்டமாக நிற்கிறார்கள். கேட்டில் ஆளுக்கொரு பூட்டு. "நான் போய் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, நீங்கள் அங்கே நடுவராகப் போகவில்லை என்பதை முதலில் மனதில் வையுங்கள். உங்கள் கையில் இருக்கும் ஒரே பலம், நான்காம் நாள் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள் என்பதுதான். இவருக்கு நம் சாவியும் வேண்டாம், மேடையும் வேண்டாம், உண்டியலும் வேண்டாம் என்று இரண்டு பக்கமும் நம்பினால் உங்கள் முன்னால் உண்மையைப் பேசுவார்கள். அந்த நம்பிக்கை போய்விட்டால் நீங்கள் மூன்றாவது கட்சி. ஆதிச்சபை இதை நன்றாக அறிந்திருந்தது. 'தீதாகே' என்ற மிகப் பழைய சபை ஒழுங்கு நூலில், ஊர் சுற்றி வரும் ஊழியர் ஒரு நாள் தங்கலாம், அவசியமானால் இரண்டாம் நாளும் தங்கலாம், மூன்றாம் நாளும் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி என்று இருக்கிறது. கிளம்பும்போது அடுத்த இடம் சேரும்வரைக்கான அப்பம் மட்டும் வாங்கிக்கொள்ளலாம், பணம் கேட்டால் அவரும் கள்ளத் தீர்க்கதரிசிதான். இன்று கன்வென்ஷனே மூன்று நாள், நாள் கணக்கை அப்படியே எடுக்க முடியாது. அதன் பின்னால் இருக்கும் பயம் மட்டும் இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது. வடசென்னையில் உடைந்த சபைகளைச் சமாதானப்படுத்த வந்த ஊழியரே, பாதிப் பேரோடு இரண்டு தெரு தள்ளி மாடியில் தகர ஷீட் போட்டுப் புதுச் சபை ஆரம்பிப்பது புதிய விஷயம் அல்ல.

ஆகவே ஒத்துக்கொள்வதற்கு முன்பே சில காரியங்களை முடித்துவிட வேண்டும். அழைப்புக் கடிதத்தில் இரண்டு பக்கத்தாரும் கையெழுத்துப் போடட்டும். ஒரு பக்கம் மட்டும் கூப்பிட்டால் போகாதீர்கள்; உங்கள் படம் போட்ட நோட்டீஸே அடுத்த சண்டைக்குக் காரணம் ஆகிவிடும். தங்குவது லாட்ஜிலோ, சபைக்குச் சம்பந்தமில்லாத வீட்டிலோ இருக்கட்டும். பயணச் செலவு எவ்வளவு, யார் தருவது என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். அதற்கு மேல் கவரில் வருவதை அந்த இடத்திலேயே சபைப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது போடச் சொல்லுங்கள். எருசலேம் சபைக்கான காணிக்கையை அப்போஸ்தலன் பவுல் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகளே தெரிந்தெடுத்த ஆட்களை உடன் அழைத்துப் போனார். யாரும் தன்மேல் குற்றம் சொல்ல இடம் வைக்கக் கூடாது என்பதையே காரணமாக 2 கொரிந்தியர் 8-ல் எழுதுகிறார்.

தனியாகவும் போகாதீர்கள். வயதில் மூத்த, அந்தப் பகுதிச் சொந்தபந்தம் எதுவும் இல்லாத இருவர் கூட வரட்டும். அதில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது என்பதல்ல, கட்டாயம் என்றே சொல்வேன். சண்டையின் பாதிக் கதை பெண்கள் ஐக்கியத்தில் இருக்கும். அதை உங்களிடம் சொல்ல மாட்டார்கள், அந்த அம்மாவிடம் சொல்வார்கள். முதல் நூற்றாண்டின் இறுதியில் கொரிந்து சபையில் மூப்பர்களைப் பதவியிலிருந்து தள்ளிவிட்டபோது, ரோமச் சபை கடிதத்தோடு மூன்று பேரை அனுப்பியது. இளவயது முதல் முதுமை வரை குற்றமில்லாமல் வாழ்ந்தவர்கள் என்று அவர்களைப் பற்றி அந்தக் கடிதம் சொல்கிறது. பேச்சுத் திறமையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்தது காகிதங்கள். சபை சொசைட்டியாகப் பதிவானதா, டிரஸ்டா, அல்லது பதிவே இல்லையா? சபை விதிகளின் நகல், கடைசி மூன்று வருடக் கணக்கு, அங்கத்தினர் பதிவேடு ஆகியவற்றை இரண்டு வாரம் முன்னதாகவே கேளுங்கள். எது வரவில்லையோ, சண்டையின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் இடத்துக்கு 30 வருட வில்லங்கச் சான்று எடுக்கச் சொல்லுங்கள். மக்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த காணிக்கையில் வாங்கிய மனை பாஸ்டர் பெயரில் கிரயம் ஆகியிருப்பது சகஜம். அந்தக் காலத்தில் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார்கள். பதிவான அமைப்பு இல்லாததால் ஒரு பெயர் தேவைப்பட்டது, அவ்வளவுதான். ஆனால் பாஸ்டர் இறந்ததும் சட்டப்படி அவர் வாரிசுகள் வந்து நிற்பார்கள், விசுவாசிகள் துரோகம் என்பார்கள். இதைப் பிரசங்கத்தால் தீர்க்க முடியாது. சபை பெயரில் அமைப்பைப் பதிந்து, முறையான பத்திரம் எழுதி இடத்தை மாற்றுவதுதான் வழி. அதற்கு வக்கீல் வேண்டும், நீங்கள் வேண்டாம்.

கோர்ட்டு பற்றி ஒரு வார்த்தை. விசுவாசி கோர்ட்டுக்குப் போகலாமா என்று 1 கொரிந்தியர் 6-ஐக் காட்டி, கணக்குக் கேட்டவர் வாயையே அடைத்துவிடும் பழக்கம் இருக்கிறது. அந்த அதிகாரத்தில் பவுல் கேட்பது வேறு: சகோதரருக்கு நடுவே தீர்த்துவைக்க உங்களுக்குள் விவேகி ஒருவன்கூட இல்லையா என்கிறார். அதாவது உள்ளேயே நேர்மையாக விசாரிக்க ஆள் வையுங்கள் என்கிறார். கேட்காதே என்று சொல்லவில்லை. இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ளும், சபைக்கு வெளியே உள்ள ஆடிட்டர் ஒருவர் கணக்கைப் பார்ப்பதுதான் இன்றைய விவேகி. அதற்கும் மறுத்தால், சொசைட்டியாக இருந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975, பிரிவு 36-ன்படி அங்கத்தினரில் மூன்றில் ஒரு பங்கினர் விண்ணப்பித்துப் பதிவாளரிடம் விசாரணை கேட்கலாம். பொது டிரஸ்ட் என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 92-ன் கீழ், நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, வழக்குப் போட வேண்டும். இந்த வழிகள் இருப்பதை நீங்கள் தெரிந்து வைத்திருங்கள். போ என்றும் சொல்லாதீர்கள், போகாதே என்றும் சொல்லாதீர்கள். கைகலப்பு வரை போனால் ஆலயத்துக்கே சீல் விழும் என்பதை மட்டும் இரு பக்கத்துக்கும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சீல் வைப்பது ஒரு நாள் வேலை, திறப்பது பல வருட வேலை.

ஒரே நேரத்தில் கீழே ஒரு ஆராதனை, மேலே ஒரு ஆராதனை என்று இரண்டு ஸ்பீக்கரை அலறவிட்டால் அக்கம்பக்கத்தார் போலீசுக்குப் போவார்கள், அதில் தப்பே இல்லை. மாதவரம் நெடுஞ்சாலையில் கே.கே.ஆர். நகரில் இருந்த ஒரு சபையின் ஒலிபெருக்கி வழக்கில்தான், அடுத்தவர் அமைதியைக் கெடுத்து ஜெபிக்க எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் மூன்று நாள் கூட்டத்துக்கும் மைக் அனுமதி முறையாக வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். கூட்டம் 9 மணிக்கு முடியட்டும்.

இப்போது மூன்று நாளுக்கு வருவோம். வெள்ளி, சனி, ஞாயிறு என்று வைத்துக்கொள்வோம். சண்டை எங்கே நடந்தாலும் ஆறுவது வீடுகளில்தான், அதனால் இரண்டு பகலும் வீடு சந்திப்புக்கே போகட்டும். இந்தப் பக்கம் ஆறு வீடு, அந்தப் பக்கம் ஆறு வீடு. இரண்டு பக்கமும் வேண்டாம் என்று ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டவர்கள் வீடு குறைந்தது நான்கு. இந்த மூன்றாவது கூட்டத்தை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். அங்கத்தினர் பதிவேட்டில் பெயர் இருந்து ஆராதனைக்கு வராதவர்களைப் பார்த்து நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் நிஜத்தைச் சொல்பவர்கள் இவர்கள்தான். வீட்டுக்கு 20 நிமிடம். டீ குடித்தால் எல்லா வீட்டிலும் குடியுங்கள், சாப்பாடு எந்த வீட்டிலும் வேண்டாம். யார் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டார் என்பது அரை மணி நேரத்தில் தெரு முழுக்கப் போய்விடும். ஹவுசிங் போர்டு வீடுகளில் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும், தணிந்து பேசுங்கள். அவர்கள் ஒன்று சொல்லும்போது ஒரே ஒரு கேள்வி போதும்: "இது நீங்க கண்ணால பார்த்ததா, யாராவது சொல்லக் கேட்டதா?" நோட்டில் பார்த்தது ஒரு பக்கம், கேட்டது மறுபக்கம் என்று எழுதுங்கள். சாயங்காலம் பார்த்தால் கேட்டது பக்கம் நிரம்பி வழியும், பார்த்தது பக்கத்தில் நாலைந்து வரி இருக்கும். நீங்கள் வேலை செய்ய வேண்டியது அந்த நாலைந்து வரியில்.

சில விஷயங்கள் காதில் விழுந்தால் சமாதானப் பேச்சை அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். குழந்தைக்குப் பாலியல் தொல்லை நடந்ததாகத் தெரிந்தால் அது சபை விவகாரமே அல்ல. போக்சோ சட்டம் 2012, பிரிவு 19 தெரிந்தவர் எவரும் புகார் சொல்லியாக வேண்டும் என்கிறது, ஊழியரும் அதில் அடக்கம். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள், காவல் நிலையத்துக்குப் போங்கள். "மன்னித்துவிடுங்கள்" என்று அந்தக் குடும்பத்திடம் யாரையும் சொல்ல விடாதீர்கள். சபை மானம் போய்விடும் என்று கெஞ்சுவார்கள். இதில் இறங்கி வர உங்களுக்கு உரிமை கிடையாது.

பிரசங்கத்துக்கு வருகிறேன். 35 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பிளவுபட்ட சபையில் ஒவ்வொரு வசனமும் ஏற்கெனவே யாரோ ஒருவர்மேல் எறியப்பட்ட கல். பாஸ்டர் பக்கம் "அபிஷேகம் பெற்றவரைத் தொடாதே" என்பதையும், மோசேயை எதிர்த்த கோராகைப் பூமி விழுங்கியதையும் எறிந்திருக்கும். எதிர்ப் பக்கம் காணிக்கையில் கைவைத்த, ஆசாரியன் ஏலியின் மகன்களையும், கூடாரத்துக்குள் பொருளை ஒளித்த ஆகானையும் எறிந்திருக்கும். தைரியமாகப் பேசிய ஒரு பெண்ணுக்கு யாராவது, பைபிளில் வரும் பொல்லாத ராணி "யேசபேல்" என்று பெயர் வைத்திருப்பார்கள். இந்தப் பகுதிகள் எதையும் மூன்று நாளும் தொடாதீர்கள். நீங்கள் வேறு கருத்தில் சொன்னாலும் "பார்த்தியா, ஐயாவே சொல்லிட்டார்" என்று 40 வினாடி கிளிப் வாட்ஸ்அப்பில் சுற்றும். மேடையிலிருந்து வெளிப்பாடு, தீர்க்கதரிசனம் என்று எதுவும் வேண்டாம். வீட்டில் கேட்டதை மேடையில் கர்த்தர் காட்டினார் என்று சொல்வது பொய்ச் சாட்சி.

அப்போஸ்தலர் 6 நல்ல பகுதி. பந்தி விசாரிப்பில், அதாவது அன்றாட உணவுப் பங்கீட்டில், தங்கள் விதவைகள் விடுபட்டதாகக் கிரேக்க மொழி பேசியவர்கள் முறையிட்டார்கள். அப்போஸ்தலர் அவர்களை அதட்டவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பெயரும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தின் கையிலேயே பந்தியை ஒப்படைத்தார்கள் என்று படிக்க இடமிருக்கிறது. இன்னொன்று பிலிப்பியர் 4. எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள் மோதிக்கொண்டார்கள். பவுல் ஒரே வினைச்சொல்லை இருவருக்கும் தனித்தனியாகத் திரும்ப எழுதுகிறார். யார் பக்கம் தப்பு என்று எழுதவே இல்லை. இந்த நடையைத்தான் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஞாயிறு திருவிருந்தை, அதாவது அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனையை, நீங்கள் நடத்தித் தரச் சொல்வார்கள். முதல் முறை போகும்போது ஒத்துக்கொள்ளாதீர்கள். யார் எழுந்து வந்தார், யார் உட்கார்ந்திருந்தார் என்று கணக்கெடுக்கும் இடமாக அது மாறிவிடும். திருவிருந்தைப் பற்றிப் பேசுங்கள், அதிலும் 1 கொரிந்தியர் 11-ஐப் பேசுங்கள். அங்கே வசதியுள்ளவர்கள் முன்னதாக வந்து சாப்பிட்டு முடித்துவிட, பின்னால் வந்தவர் பசியோடு நிற்கிறார். பவுல் கொடுக்கும் கட்டளை ஒரே வரி: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.

அந்த வரி வடசென்னையில் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். இத்தகைய சபைகளில் ஆராதனை காலை 7 மணிக்கா, 10 மணிக்கா என்று ஒரு சண்டை தவறாமல் இருக்கும். 7 மணிப் பக்கம் பழைய ஒழுங்கு, பக்தி என்று பேசும். 10 மணிப் பக்கம் இளைஞர்கள், பாட்டு என்று பேசும். நடுவே மீன் விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். காசிமேட்டில் ஞாயிறு விடியற்காலைதான் வாரத்திலேயே பெரிய வியாபாரம். ஏலம் எடுத்து, கூடையோடு உட்கார்ந்து, வெட்டி விற்று, கை கழுவி, சேலை மாற்றிக்கொண்டு வர அவர்களுக்கு 10 மணி தாண்டிவிடும். அவர்கள் வரும்போது ஆசீர்வாதம் கூறி முடித்திருப்பார்கள். கடைசி வரிசையில் நின்று காணிக்கை மட்டும் போட்டுவிட்டுப் போவார்கள். மணலிக் கம்பெனிகளில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்கோ 7 மணிதான் தோது. நேரச் சண்டையைக் கொள்கைச் சண்டையாகப் பேசிக்கொண்டே இருந்தால் தீராது. யார் எத்தனை மணிக்கு எந்த வேலையிலிருந்து வருகிறார் என்று ஒரு தாளில் எழுதினால் பாதி தீர்ந்துவிடும். எந்த நேரம் வைத்தாலும், திருவிருந்து மட்டும் கடைசியாக வருகிறவர் வந்து சேர்ந்த பிறகு என்று வைக்கலாம். விசைப்படகுக் குடும்பங்கள் நிறைய உள்ள சபை என்றால், சமரசப் பேச்சுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தோதானது. ஆண்கள் கரையில் இருப்பார்கள். அதே நாட்களில் கட்டட நிதி என்று யாராவது வாய் திறந்தால் தடுத்துவிடுங்கள், அடுப்பெரியச் சிரமப்படும் நேரம் அது.

சாதியும் சொந்த ஊரும் இதில் கலந்திருக்கும். தெற்கிலிருந்து வந்தவர்கள், இங்கேயே பிறந்தவர்கள், கடற்கரைக்காரர்கள், பர்மாவிலிருந்து வந்து வியாசர்பாடியில் குடியேறியவர்கள் என்று ஆராதனையில் உட்காரும் இடமே பிரிந்திருக்கலாம். அதற்கு மட்டும் நடுநிலை கிடையாது. திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளம் ஆலயத்தில் சாதி பிரிக்க நின்ற சுவரை இடித்த பிறகு, தனியிடம் கேட்டவர்களின் உரிமையைச் சென்னை உயர் நீதிமன்றம் நூறு வருடத்துக்கு முன்பே மறுத்துவிட்டது. பெயர் சொல்லாமல், ஆனால் நேராக, மேடையிலேயே அதைக் கண்டியுங்கள்.

சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குப் பேச்சுவார்த்தை வையுங்கள். பக்கத்துக்கு ஐந்து பேர், அதில் இரண்டு பேராவது பெண்கள். இடம் ஆலயம் அல்ல, பள்ளி வகுப்பறையோ பக்கத்துச் சபையின் அறையோ. நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். பக்கம் பக்கமாக எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சும் அப்படித்தான் போகும். போன்கள் எல்லாம் அணைந்து ஒரு பையில் இருக்கட்டும், உங்கள் போனும் சேர்த்து.

முதலில் எதைப் பேசுவது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். அடுத்த பாஸ்டர் யார், கணக்கு எங்கே என்று ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் நாற்காலி உருளும். அடக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். சபையில் நாளைக்கே ஒருவர் இறந்துவிட்டால் காசிமேட்டுக் கல்லறைக்கு யார் கடிதம் கொடுப்பது? எந்தப் பாஸ்டர் அடக்க ஆராதனை நடத்துவது? மணி அடிக்க யார் பூட்டைத் திறப்பது? பிளவு வந்த சபைகளில் பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு கையெழுத்துக்கு அலைந்த குடும்பங்கள் உண்டு. சந்தா பாக்கி, அந்தப் பக்கம் போனவர் என்று சொல்லிக் கடிதத்தை நிறுத்தி வைப்பதும் உண்டு. வட்டத்தில் இருக்கும் பத்துப் பேர் வீட்டிலும் வயதானவர் ஒருவர் இருப்பார். ஆகவே இதில் யாரும் பிடிவாதம் பிடிக்க மாட்டார்கள். கடிதம் 2 மணி நேரத்துக்குள், எந்தக் காரணத்துக்கும் மறுக்காமல், இரண்டு பக்கத்திலும் ஒருவர் கையெழுத்திட்டு, இறந்தவர் வீட்டார் விரும்பும் ஊழியர் அடக்கம் செய்வது என்று எழுதுங்கள். இந்த ஒன்றில் இருவரும் கையெழுத்திட்டுவிட்டால், நம்மால் சேர்ந்து ஒரு காரியம் எழுத முடிகிறது என்பது அவர்களுக்கே தெரியவரும்.

அடுத்தது சாவி: இரண்டு பூட்டையும் எடுத்து, ஒரே பூட்டு, இரண்டு சாவி. மூன்றாவதாகக் காணிக்கை. ஆராதனை முடிந்ததும் எல்லோர் கண்முன்னும் மேசையில் துணி விரித்து உண்டியலைக் கொட்ட வேண்டும். பக்கத்துக்கு இருவர் எண்ணட்டும். கவர்கள் தனி, சில்லறை தனி, நாலாக மடித்த பத்து ரூபாய் நோட்டுகளைப் பிரித்து அடுக்கி, 500, 200, 100, 50, 20, 10, நாணயம் என்று வரிசையாக ஒரு தாளில் எண்ணிக்கை. நான்கு கையெழுத்து, மூன்று நகல்: ஒன்று அறிவிப்புப் பலகைக்கு, மற்ற இரண்டும் இரு பக்கத்துக்கும். திங்கட்கிழமை வங்கியில் கட்டிச் சலானைத் தாளோடு இணைக்க வேண்டும். காசோலைக்குப் பக்கத்துக்கு ஒருவராக இரண்டு கையெழுத்து. பழைய கணக்கைப் பற்றி அன்றைக்குப் பேசாமல் ஆடிட்டர் பெயரை மட்டும் முடிவு செய்யுங்கள். பாஸ்டர் பதவியையும் அன்றைக்கு எடுக்காதீர்கள், அதற்கு இன்னும் யாரும் தயாராக இல்லை.

ஒப்பந்தம் ஒரு பக்கம், பேச்சுத் தமிழுக்குப் பக்கமான எளிய தமிழில், 90 நாளுக்கு மட்டும். நிரந்தரம் என்று போட்டால் ஒவ்வொரு வார்த்தைக்கும் வக்கீலைக் கேட்பார்கள். ஞாயிறு அதைப் பக்கத்துக்கு ஒருவராகப் பாதிப் பாதி வாசிக்கட்டும், நீங்கள் வாசிக்க வேண்டாம்.

சில இடங்களில் பிரிவதே நல்லது என்று தெரியும். குழந்தை ஞானஸ்நானமா, முழுக்கு ஞானஸ்நானமா என்பதில் இரண்டு பக்கமும் மனசாட்சிப்படி நிற்கும்போது இழுத்துப் பிடித்துக் கட்டாதீர்கள். பவுலும் அவரோடு ஊழியம் செய்த பர்னபாவும், உதவியாளர் மாற்குவை முன்னிட்டுக் கடுமையாக முரண்பட்டுப் பிரிந்தார்கள், அப்போஸ்தலர் 15 அதை மறைக்கவில்லை. பின்னாளில் அதே மாற்குவைத் தன்னிடம் அழைத்துவரச் சொல்லிப் பவுல் எழுதுகிறார். பிரிந்தால் கீபோர்டு, ஸ்பீக்கர், நாற்காலி எல்லாம் பட்டியல் போட்டுப் பிரியட்டும். ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளை மட்டும் கிழித்துப் பங்கு போடக் கூடாது. மூலம் ஓரிடத்தில் இருக்கட்டும், மற்றவருக்குச் சான்றிட்ட நகல்.

திங்கள் காலை கிளம்பிவிடுங்கள். 30-ஆம் நாள் ஒருமுறை, 90-ஆம் நாள் ஒருமுறை, முன்பு உடன் வந்தவர்களில் ஒருவர் போய்ப் பார்த்துவரட்டும். கொரிந்துக்குப் பவுல் தன் உடன் ஊழியர் தீத்துவை அனுப்பியது போல. நீங்களே நம் பாஸ்டராக வந்துவிடுங்கள் என்று ஒரு பக்கம் கட்டாயம் கேட்கும். மறுத்துவிடுங்கள். கொரிந்தில், அங்கே பிரசங்கித்த அப்பொல்லோவின் பெயரிலேயே ஒரு கட்சி நின்றது. பவுல் அவரை அங்கே போகச் சொல்லி மிகவும் கேட்டும், அந்தச் சமயத்தில் போக அவருக்கு மனதில்லை என்று 1 கொரிந்தியர் 16-ல் இருக்கிறது. காரணம் எழுதப்படவில்லை. தன் பெயரைக் கொடியாகத் தூக்கிய ஊருக்கு அவர் அப்போது போகாதது அந்தச் சபைக்கு நன்மைதான் என்று நான் நினைக்கிறேன். ராத்திரி பத்து மணிக்குப் போன் வரும், "ஐயா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன்" என்று ஆரம்பிப்பார்கள். "இதை அந்தப் பக்கத்தாரிடமும் சொல்லட்டுமா?" என்று உடனே கேளுங்கள். சரி என்றால் கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால், அவர்களுக்காக ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டுப் போனை வைத்துவிடுங்கள்.